யோர்டிஸின் வியாழக்கிழமை

உருளை வெதுவெதுப்பாக இருந்தது.

ஸ்டூரே ஆல்ம்க்விஸ்ட் சட்டென்று கையை எடுத்து, விதிமீறல் ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்தவர்போல அதை முறைத்தார். அந்த இயந்திரத்துக்குச் சூடு என்பதே கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பருத்த மர உருளைகள், அடியில் ஒரு மோட்டார், அவ்வளவுதான். ஈரம் லேசாக மிச்சமிருக்கும் விரிப்பை நடுவில் கொடுத்தால், வெறும் பாரத்தாலேயே நசுக்கி, மடிப்பு சுருக்கம் எதுவும் இல்லாமல் மறுபக்கம் தள்ளும். டிசம்பர் மாதத்தில், வடகோடிக் குளிர்நாட்டு ஹெர்னோசாண்ட் ஊரின் ஒரு பழைய குடியிருப்பின் நிலவறையில், பகல் இரண்டரை மணிக்கே சன்னலுக்கு வெளியே இருட்டிவிட்ட நேரத்தில், அது உள்ளங்கையைப்போல வெதுவெதுப்பாக இருக்க எந்த நியாயமும் இல்லை.

வெந்நீர்க் குழாய் ஏதாவது பின்னால் ஓடுகிறது என்று அவர் தீர்மானித்தார். தீர்மானிப்பது அவருடைய தொழில். இருபத்துநான்கு வீடுகள் சேர்ந்த குடியிருப்புச் சங்கத்துக்கு அவர் தலைவர். அதைவிடப் பெரிய சங்கதிகளுக்குத் தலைவராக இருப்பவர்கள் அத்தனை விறைப்பாக மாடிப்படி ஏறுவதில்லை. சலவையறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய பதினான்கு விதிகளும் அவர் கைப்பட எழுதியவை. பதினான்காவது விதி, மேற்கண்ட பதின்மூன்றையும் அனைவரும் படிக்க வேண்டும் என்பது.

மறுநாள் லூசியா என்னும் விளக்குத் திருநாள். சங்கத்தார் எல்லோருக்கும் காபியும் குங்குமப்பூ ரொட்டியும் தலைவர் வீட்டில். அதற்காக மனைவி குன்வோர் தன் தாய்வீட்டு மேசைவிரிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள். மூன்று மீட்டர் வெள்ளை லினன். அதை அவர் உருளைகளுக்கு நடுவே நேராகக் கொடுத்தார். பாதிவரை போயிற்று. பிறகு, தொண்டையில் முள் சிக்கினாற்போல ஒரு சத்தம். மோட்டார் உறுமியது, உருளை அசையவில்லை.

அவர் மோட்டாரை நிறுத்தினார். அப்போது உலர்த்தும் கயிற்றில் மறந்துபோன காலுறையைத் தேடிக்கொண்டு பென்ட்டி உள்ளே வந்தார். பின்லாந்துக்காரர், கப்பலில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர், தரைத்தளத்தில் குடியிருப்பவர். தலைவரைத் தலைவர் என்று கூப்பிடும் ஒரே ஆள். அவர் அப்படிக் கூப்பிடும்போது மட்டும் ஸ்டூரேவுக்கு அந்தப் பதவி பிடிக்காது.

"என்ன தலைவரே, மிஷின் உங்க விதியைப் படிக்கலையா?"

"துணி சிக்கியிருக்கு. எடுத்துடலாம்."

"யோர்டிஸ் இருந்தவரைக்கும் சிக்கினதே இல்ல. முப்பத்தோரு வருஷம். வியாழன் ஒரு மணின்னா ஒரு மணி." பென்ட்டி காலுறையை உதறினார். "அவ போய்ச் சேர்ந்து ரெண்டு மாசம் முழுசா ஆகல. அதுக்குள்ள அவ நேரத்துல உங்க பூட்டு தொங்குது."

சுவரில் ஒரு மரப்பலகை. கிழமையும் நேரமும் எழுதிய துளைகள். வீட்டெண் பொறித்த சிறு பூட்டை யார் எந்தத் துளையில் மாட்டுகிறாரோ அந்த நேரம் அவருடையது. காலியான துளையில் முதலில் மாட்டியவர் தாம்தான் என்றும், அது ஐந்தாம் விதிக்கு உட்பட்டது என்றும் ஸ்டூரே விளக்கினார். பென்ட்டி தலையாட்டிக் கேட்டுவிட்டு, வாசலில் நின்று திரும்பினார்.

"உங்க தலைக்கு நேர் மேலதானே அவ வீடு. நிஜமாவே ஒரு சத்தமும் கேட்கலையா?"

"கேட்கல."

"அப்ப கூரை நல்ல கனம்போல. உங்க தும்மல் ரெண்டு மாடி தாண்டி எனக்குக் கேட்குது."

அவர் போய்விட்டார். ஸ்டூரே கதவை உள்ளிருந்து பூட்டினார். கிண்டலுக்கு இன்னொரு முறை வழிவிட வேண்டாம் என்பதற்காகத்தான், வேறு எதற்குமில்லை.

கேட்கல. இதை அவர் போலீஸிடம் சொல்லியிருந்தார், யோர்டிஸின் அண்ணன் மகனிடம் சொல்லியிருந்தார், குன்வோரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் எளிதாக வந்தது.

அந்த ஊரில் அண்டை வீட்டுக்காரர்மேல் மனத்தாங்கல் வந்தால் யாரும் மணியடிப்பதில்லை. மணியடித்தால் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். முகத்தைப் பார்த்தால் காபி குடிக்கச் சொல்வார்கள். அதனால் சீட்டு எழுதுவார்கள். மரியாதையான, ஊசிமுனை வைத்த சீட்டு. வேண்டுமானால் எதிராளி அதன் அடியிலேயே பதில் எழுதுவார். அப்படியே ஒருவரையொருவர் பாராமல் இருபது வருடம் சண்டை போடலாம். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, யோர்டிஸின் பூட்டு பலகையில் தொங்கியது, யோர்டிஸ் வரவில்லை. அரை மணிக்குள் வராவிட்டால் நேரம் ரத்து என்பது ஆறாம் விதி. ஸ்டூரே ஒரு சீட்டு எழுதி அவள் கதவின் தபால் துளையில் போட்டார். அன்று இரவு தலைக்கு மேல் சத்தம் ஆரம்பித்தது. தட். தட். கொஞ்சம் இடைவெளி. தட். குன்வோர் அந்த வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு. தரையில் யாரோ கட்டையால் தட்டுவதுபோல. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து, கண்ணாடி மாட்டி, நல்ல பேனா எடுத்து, இரண்டாவது சீட்டு எழுதினார். எட்டு மணிக்குமேல் தரையில் தட்டும் சத்தம் கேட்கிறது, ஒன்பதாம் விதியை அன்புடன் நினைவூட்டுகிறேன் என்று. மாடியேறித் தபால் துளையின் தகட்டைத் தூக்கி உள்ளே விட்டார். தகடு டப்பென்று விழுந்த ஓசையில் தட்டல் நின்றது. பிறகு கதவுக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒன்று, மெதுவாக, மிக மெதுவாக, தரையோடு இழுபட்டு வந்தது.

அவர் படியிறங்கிவிட்டார். பதில் எழுதுவாள் என்று நினைத்தார். அடுத்த வியாழனும் அவள் சலவைக்கு வராததால் மூன்றாவது சீட்டும் போட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கதவை உடைத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து விழுந்திருக்கிறாள். சில நாள் உயிரோடு இருந்திருக்கிறாள். மிதியடிமேல் ஸ்டூரேவின் சீட்டுகள் இரண்டு கிடந்தன, சலவை நேரம் பற்றிய முதலாவதும் மூன்றாவதும். நடுவில் எழுதியது இல்லை. போலீஸிடமும் இல்லை, அண்ணன் மகனிடமும் இல்லை. அது எங்கே என்பதுதான் கதவை உடைத்த நாளிலிருந்து அவர் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்குள்ளும் இருந்த கல். பதவி போகட்டும். குன்வோர் முப்பது வருடம் செவிலியாக இருந்தவள். எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் ஒரு காலில் பூட்ஸோடு படியிறங்கி ஓடியவள். யோர்டிஸ் செய்தி வந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து, "நாம கீழதானே இருந்தோம்?" என்று ஒரு தரம் கேட்டாள். அந்தச் சீட்டு அவள் கைக்குப் போனால், அதன்பிறகு அவள் அவரைப் பார்க்கப்போகிற பார்வை ஒன்று உண்டு. அது மட்டும் வரக்கூடாது.

அவர் மின்பெட்டியில் இயந்திரங்களுக்கான பெரிய விசையை இறக்கினார்; விளக்கு மட்டும் எரிந்தது. திருப்புளியால் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பழைய எண்ணெய், துணிப்பிசிறு, சோப்பு, இவற்றுக்கடியில் லேசாகப் பூட்டிய வீட்டின் வாடை. உருளையின் அச்சில் நரைத்த நூல் சுற்றியிருந்தது. நகத்தால் நெம்பினார். நூலுக்கு இத்தனை வழவழப்பு வராது. நீளமாக, ஒவ்வொன்றாக, நிறம் செத்த வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது. அதை அவர் நூல் என்றே தீர்மானித்து, சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டு, கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்தார்.

சிக்கிய துணியை எடுக்க ஒரே வழி பின்னோக்கிச் சுற்றுவது. இரும்புக் கைப்பிடியை அச்சில் செருகினார். முதல் சுற்று பல்லைக் கடிக்க வைத்தது. இரண்டாவது சற்று இளகியது. அப்புறம் மேசைவிரிப்பு அங்குலம் அங்குலமாகத் திரும்பி வரத் தொடங்கியது, அவர் முழங்கால்மேல், காலடியில், தட்டையாக, பளபளப்பாக. அவர் அதைப் பார்க்கவில்லை. உருளையையே பார்த்துச் சுற்றினார். மேலே எங்கோ குன்வோரின் ரொட்டி வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. இருபது சுற்று. முப்பது. துணி இன்னும் வந்துகொண்டிருந்தது.

பாதிதானே உள்ளே போயிற்று?

சுற்றுவதை நிறுத்திக் கீழே பார்த்தார். காலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வெள்ளைத் துணி குவிந்திருந்தது. அது முழுக்க எழுத்து.

முத்திரை குத்தினாற்போல, இடம் வலமாகத் திரும்பிய நீல எழுத்து. ஈரக் காகிதத்தை எதனோடோ சேர்த்து நசுக்கினால் மை இப்படித்தான் இறங்கும். திரும்பியிருந்தாலும் தன் கையெழுத்து தெரியாமல் போகுமா? தரையில் தட்டும் சத்தம் கேட்கிறது. ஒன்பதாம் விதி. அன்புடன், ஸ்டூரே. அரை முழத்துக்கு ஒரு முறை, வரிசை தப்பாமல், விரிப்பின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை. தரையில் தட்டும் சத்தம் கேட்கிறது. அன்புடன், ஸ்டூரே. நாளை இருபத்துநான்கு வீட்டுக் கோப்பைகளும் இதன்மேல்தான்.

ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு பதில். அது மட்டும் திரும்பியிருக்கவில்லை. நேராக இருந்தது. கை நடுங்க, படுத்தபடி எழுதின எழுத்து.

*அப்படியானால் உங்களுக்குக் கேட்டிருக்கிறது.*

அவர் கசக்கினார். லினன் கசங்க மறுத்தது. குப்பைத்தொட்டியில் திணித்துப் பார்த்தார், கொள்ளவில்லை. சலவை இயந்திரத்துக்குள் திணிக்கலாம், மின்சாரம் இல்லாமல் அதன் கதவு திறக்காது. மடியில் அள்ளி நெஞ்சோடு அணைத்து நின்றார், பச்சைப்பிள்ளையைத் திருடியவர்போல.

படிக்கட்டில் செருப்பொலி.

கதவின் கைப்பிடி அசைந்தது.

"ஸ்டூரே? ஏன் பூட்டியிருக்கே?"

குன்வோர்.

"கொஞ்சம் வேலை இருக்கு."

"விரிப்பு ஆச்சா? மேசையை இப்பவே போட்டுடலாம்னு பார்த்தேன்."

"இன்னும் ஆகல."

ஒளித்துவைக்க ஓர் இடம்தான் இருந்தது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே. விரிப்பின் முனையை உருளைகளுக்கு நடுவே அழுத்தினார். அது உடனே பிடித்துக்கொண்டது. இழுத்தது. கைப்பிடியில் யாருமில்லை; மின்விசை கீழே இறங்கித்தான் இருந்தது. உருளை சுற்றியது, நிதானமாக, ஓசையில்லாமல், எழுத்துகளை ஒவ்வொரு வரியாக விழுங்கிக்கொண்டு. அவருக்கு முதலில் தோன்றியது நன்றி. அப்படியே போகட்டும் என்று இரண்டு கையாலும் தள்ளிக்கொடுத்தார்.

பிறகு வலது கை திரும்பி வரவில்லை.

விரல் நுனிகள். பிறகு கணுக்கள். வலியே இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். முரட்டுத்தனமாக அல்ல, கீழே விழுந்தவர், தூக்கிவிட வந்தவரின் கையைப் பற்றுவதுபோல.

தட்.

உருளைக்குள்ளிருந்து.

தட். தட்.

"உள்ள என்ன தட்டுது?" கதவுக்கு அந்தப்பக்கம் குன்வோரின் குரல் மாறிவிட்டது. அது வீட்டுக் குரல் இல்லை, வார்டுக் குரல். "ஸ்டூரே, உனக்கு ஏதாவது ஆயிடுச்சா? சொல்லு. பென்ட்டிகிட்ட இன்னொரு சாவி இருக்கும்."

ஒரு வார்த்தை போதும். அவள் ஓடி வருவாள். எப்போதும் ஓடி வருபவள். வந்து, கையை விடுவித்து, துணியைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அது என்ன எழுத்து என்று குனிவாள்.

மணிக்கட்டு.

"எதுவும் தட்டலையே," என்றார். குரல் மிக இயல்பாக வந்தது. "எனக்கு ஒண்ணும் கேட்கல."

அவள் நின்றாள். அவள் மூச்சு கதவில் பட்டுத் திரும்புவதுகூடக் கேட்டது.

"நிஜமாவா?"

"நீ போ. ரொட்டி கருகிடும்."

செருப்பொலி ஒரு படி ஏறியது. நின்றது. ஏறியது. மேலே கதவு சாத்திக்கொண்டது.

முழங்கை.

இயந்திரத்தின் மறுபக்கத்தில் துணி வெளியே வந்து, தாங்கு பலகைமேல் இறங்கத் தொடங்கியிருந்தது. சுத்தமாக. ஒரு பொட்டு மை இல்லாமல், பனிபோல வெள்ளையாக. அதன்மேல், அதே நிதானத்தில், அவருடைய கை வந்தது. காகிதக் கனத்துக்கு நசுங்கி, ஒரு சுருக்கமும் இல்லாமல், ரோமமும் நகமும் கல்யாண மோதிரமும் வரைந்து வைத்தாற்போல. ஐந்து விரலும் விரிந்திருந்தன. விரல்களுக்கிடையே, இறுக்கிக் கோத்துக்கொண்டு, அதே அளவுக்கு நேர்த்தியாகத் தட்டையான இன்னும் ஐந்து விரல்கள்.