ஆறாவது படத்தின் இருட்டு

பன்னிரண்டு படங்களில் ஆறாவது மட்டும் இருண்டிருந்தது.

அதுவும் பட்டப்பகல் இரண்டு மணிக்கு, யானையே நுழைகிற மாதிரி ஜன்னல் வைத்த காலி வீட்டில்! புது பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுத் தெறித்ததில் கல்லுக்கும் கண் கூசியிருக்கும். தன் கல்யாணத்துக்கே ட்ரைபாடோடு போனவர் என்பதால் முக்காலியார் என்று பெயர் வாங்கிய போட்டோகிராபர், கேமராவின் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

விற்பனைக்கு வரும் வீடுகளைச் சுற்றி எடுத்து ஒரே நீளப் படமாகத் தைப்பது அவர் பிழைப்பு. கூடத்தின் நடுவில் கேமராவை நிறுத்தி, எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரே அளவில் பூட்டி, பன்னிரண்டு திருப்பில் ஒரு சுற்று. படத்தில் தான் விழாமலிருக்க, கேமராவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு அவரும் சுற்றுவார். பூட்டிய கேமரா தானாக மாறாது. படம் இருண்டால், வெளிச்சத்தை எதுவோ மறைத்திருக்கிறது என்று அர்த்தம்.

"உங்க தொப்பைதாங்க!" பக்கத்து அறையில், தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, கேமராவிலிருந்து உடனுக்குடன் வந்து விழும் படங்களைத் தைக்கிற மனைவி குரல் கொடுத்தாள். "ஜன்னலை அடைச்சுக்கிட்டு நிக்குது. கிரகணமே புடிச்சிருச்சு."

"என் தொப்பைக்கு அவ்வளவு சக்தி இருந்தா ஊருக்கே குடை பிடிப்பேன்டி."

குனிந்தபடி மறுபடி ஒரு சுற்று எடுத்தார். ஆறு பளிச்சென்றிருந்தது. ஏழு இருண்டிருந்தது.

அடுத்த சுற்றில் எட்டு. சுவரில் ஆள் உயரத்துக்கு, ஓரம் கரைந்த மங்கல். வெறுங்காலோடு மெதுவாகத் திரும்பியவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. அவர் கால் நின்ற பிறகு, இன்னொரு கால் நின்றது.

அடுத்த சுற்று. ஒன்பது.

பத்தாவது படம், மனைவி இருக்கிற அறையின் வாசல்.

"ஏம்மா... எந்திரிச்சு வெளிய வா."

"இருங்க, இப்பத்தான் சேர்ந்து வருது."

ஓடிப்போய் அவளை இழுத்து வந்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாக எதையும் படம் எடுத்துப் பார்த்தே நம்பிய கை அது. வாசல் பக்கம் கேமராவைத் திருப்பியது. அங்கே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரே ஒரு படம்.

க்ளிக்.

இருட்டு.

தலையை நிமிர்த்தினார். வாசலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சுவர், தரை, கூரை, எல்லாம் பளீர். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மனைவி மட்டும் மங்கியிருந்தாள்.

"ஏங்க, எல்லாச் சுற்றுலயும் நல்லதாப் பொறுக்கிச் சேர்த்தேன், பன்னிரண்டும் ஒரே வெளிச்சமா வந்திருச்சு," என்றாள் சந்தோஷமாக. "கொஞ்சம் தள்ளித்தான் நில்லுங்களேன். எனக்கு மறைக்குது."

அவர் ட்ரைபாடைப் பிடித்தபடி கூடத்தில் நின்றிருந்தார்.

"தள்ளுங்கன்னா!"

சிரித்துக்கொண்டே, திரும்பாமலே, கையைப் பின்னால் நீட்டித் தள்ளினாள்.

கை, வெறும் காற்றில், எதன் மேலோ அழுந்தி நின்றது.