மூடாதீங்க, படம் ஓடட்டும்!

பவதாரணிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அவள் எடுத்த படம் இன்று நாலு மணிக்கு வெளியாக வேண்டும். அம்மா வேலுத்தாய் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கிறாள். அம்மாவும் அவளோடு காய் எடுக்கும் பெண்களும்தான் படத்தில் நடித்தவர்கள். அங்கே எல்லோரும் போனும் கையுமாகக் காத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில், பெரிய வீடியோ ஆப் படத்தைத் தூக்கிவிட்டது!

‘விலங்கைத் துன்புறுத்தும் காட்சி’யாம்.

படத்தில் விலங்கே கிடையாது. ஜீப் ஓட்டும் தவசி அண்ணன்தான் ஏலக்காய்ச் சாக்கைப் போர்த்திக்கொண்டு யானையாக வந்தார். பெண்கள் தட்டைத் தட்டி அவரை விரட்டினார்கள். ஆப் அவரை நிஜ யானை என்றே நம்பிவிட்டது.

“நம்ம நடிப்பு அப்படி!” என்று தவசி மீசையை முறுக்கினார்.

பவதாரணிக்கு அழுகைதான் வந்தது. “அம்மா ஒரு வாரமா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு அண்ணே!”

பக்கத்து வீட்டு வித்யா அக்கா கல்லூரியில் கணினி படிக்கிறாள். அவள் எட்டிப் பார்த்தாள். “அழாத. என் கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்.”

“அதை அம்மா எப்படிக்கா பாக்கும்?”

“லிங்க் அனுப்புனா போதும். என்னைப் போல ஊர் ஊருக்கு ஆளுக அவுகவுக கம்ப்யூட்டர்ல வீடியோவ வச்சு, ஒண்ணோட ஒண்ண இணைச்சிருக்காக. எந்த ஒரு கம்பெனிக்கும் இது சொந்தமில்ல.”

“அப்ப வெரசா ஏத்துங்க!”

நாலு மணிக்குத் தெருவே படம் பார்த்தது. வீட்டுக்கு வீடு சிரிப்பு. பவதாரணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போது அம்மா போனில் கூப்பிட்டாள்.

“ஆத்தா, இங்க படம் சுத்திக்கிட்டே நிக்குது. யானை வரவே மாட்டேங்குதே!”

வித்யா உதட்டைக் கடித்தாள். “என்னோடது பழைய கம்ப்யூட்டர், திணறுது. இதுல படம் பாக்குறவங்க போனும் அந்தப் படத்த அடுத்தவங்களுக்குத் துண்டு துண்டா அனுப்பிவிடும். இப்ப ஏன் யாரும் அனுப்பல?”

பவதாரணி வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டுக் கருப்பம்மாள் அத்தை படம் முடிந்த கையோடு போனை மூடிக்கொண்டிருந்தார். “நெட்டு வீணாப் போகக்கூடாதுல்ல?” என்றார். தெரு முழுக்க அதே சிக்கனம்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுத்தவள், அழைப்பைத் துண்டிக்கக்கூட மறந்து தெருவில் ஓடினாள்.

“அத்தை, திரும்பத் திறங்க! ராக்கையா மாமா, மூடாதீங்க! நீங்க மூடுனா மலையில படம் ஓடாது!”

“என் நெட்டு தீந்துருமே தாயி?” என்றார் ராக்கையா.

“கொஞ்சந்தான் மாமா ஆகும். உங்க வீட்டு அத்தையும் மலையிலதான பாத்துக்கிட்டு இருக்காக?”

ராக்கையா துள்ளி எழுந்தார். “அடடே! டேய், கொண்டா அந்தப் போனை!”

ஒவ்வொரு வீட்டிலும் படம் மறுபடி ஓடியது. தவசி தன்னுடைய இரண்டு போன்களிலும் திறந்துவைத்து, தன் யானை நடையைத் தானே ரசித்தார்.

பவதாரணி மூச்சு வாங்க நின்றாள். கையிலிருந்த போனுக்குள்ளிருந்து தட்டுச் சத்தமும் பெரிய சிரிப்பும் கேட்டன.

“யானை வந்துருச்சு ஆத்தா!” என்று அம்மா கத்தினாள். “ஐயோ, எங்களுக்கு வயிறு வலிக்குது!”

பவதாரணி தெருவிலேயே குதித்தாள். சற்று நேரத்தில் அங்கே கைதட்டல் கேட்டது.

“முடிஞ்சிருச்சாம்மா? அப்ப மூடிரும்மா. உனக்கு நெட்டு தீந்துரும்.”

“மூடுறதா? நீ தெருவுல கத்துனது எனக்கும் கேட்டுச்சு. இங்க தோட்டத்துல கீழ்வீட்டுச் சுருளியம்மா இப்பத்தான் பாக்க உக்காந்திருக்கா. அவ பாத்து முடிக்கிற வரைக்கும் இங்க ஒருத்தரும் மூட மாட்டோம்!”