மொட்டைமாடிக் கூடாரம்

“ஐயோ…! இஞ்சேருங்கோ…! எழும்புங்கோவன்…!”

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றின் நாலுமாடிக் கட்டடம் அந்த அலறலில் விழித்தது.

மொட்டைமாடியில் ஒரு கூடாரம்.

கூடாரத்துக்குள் பூபாலசிங்கம்.

பூபாலசிங்கத்துக்குள் உயிர் இல்லை!

தலைமாட்டில் ஒரு மண்சட்டி. அதில் சிரட்டைக்கரிச் சாம்பல். கூடாரத்தின் ஸிப் அடிவரை இழுத்து மூடப்பட்டிருந்தது. கரிப்புகைக்கு வெளியே போக வழியில்லை… உள்ளே இருந்தவருக்கும்தான்.

சப் இன்ஸ்பெக்டர் ஸாலிஹ் தொப்பியைக் கழற்றினார்.

“காட்டுல போட்ற கூடாரத்த எனத்துக்கு அக்கா மாடியில போட்டீங்க?”

இறந்தவரின் மனைவி மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்தாள்.

“பழகிப் பாக்கிறதுக்குத் தம்பி… அடுத்த கிழமை வில்பத்துக் கரையோரம் போய் ரெண்டு நாள் தங்க இருந்தவை. வெளிநாட்டில இருந்து வாற எங்கட சனத்தைக் கூட்டிக்கொண்டு போற பிஸ்னஸ். இவரும் கொட்டாஞ்சேனைச் செபஸ்தியனும் பாட்னர்.”

2005 ஆவணி. சமாதானம் சேடம் இழுத்துக்கொண்டிருந்தது. அவசரகாலச் சட்டம் திரும்பி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காட்டுக்குள் கூடாரம் போடப் புறப்பட்ட தமிழனை என்னவென்று சொல்வது? மற்றவன் செய்தால் சுற்றுலா. நாங்கள் செய்தால் பயிற்சி முகாம்!

“நேத்து ஆர் ஆர் மேல ஈந்த?”

“இவரும் செபஸ்தியனும்தான். கொஞ்சம் குடிச்சவை. ஏழு மணிபோல செபஸ்தியன் வாசல்ல நிண்டு, போட்டு வாறன் அக்கா எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். இவர் விடியுமட்டும் கூடாரத்திலதான் படுப்பன் எண்டு ஒரே பிடி.”

“சட்டி?”

“நுளம்புக்குப் புகை போட எண்டு, கீழ வாசல்ல காவலுக்கு நிக்கிற வோச்சர் இருளப்பன் கொண்டுவந்தவன்…”

ஸாலிஹ் பெருமூச்சு விட்டார். இருளப்பனை ஏற்கெனவே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

* * *

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, ஸாலிஹின் பெரியவர், மேசையில் ஓங்கிக் குத்தினார்.

“கொட்டியா!”

புலியாம்!

புலி மூலையில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. ஐம்பது வயது. இறாத்தொட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த உடம்பு. நெஞ்செலும்பை எண்ணலாம்.

மடியைச் சோதித்ததில் இரண்டு அடையாள அட்டைகள் விழுந்திருந்தன. ஒன்று பூபாலசிங்கத்துடையது. மற்றது செபஸ்தியனுடையது. இருளப்பனுடையது…? தோட்டத்தில் அவன் பிறப்பை யாரும் பதியவில்லை. அவனுக்கு அப்படி ஒன்றே கிடையாது!

பெரியவர் கணக்குத் தீர்த்துவிட்டார். செத்தவனின் அட்டை, இவன் கொண்டுபோன சட்டி, சொந்த அட்டை இல்லாத ஆள். பகல் பன்னிரண்டுக்கு வேறு ஆட்கள் வந்து அவனை ஏற்றிப்போவார்கள். அந்த வாகனத்தில் ஏறியவர்களில் திரும்பி வந்தவர்களை ஸாலிஹ் இன்னும் சந்திக்கவில்லை.

“செல்லு இருளப்பன். இந்தக் கார்ட் ரெண்டும் ஒனக்கி எப்புடி?”

“காட்டுல தங்க பர்மிட் எடுக்கணும், போட்டோ கொப்பி அடிச்சிட்டு வான்னு பூபாலசிங்கம் அய்யா பொழுது சாயுற நேரம் குடுத்தாருங்க. போனேன், கடை பூட்டியிருந்திச்சு. காலையில அடிச்சுக்கலாம்னு மடியில வச்சிட்டுப் படுத்திட்டேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடியே சட்டிய கூடாரத்துக்கு வெளியில தாங்க வச்சேன், சாமி சத்தியமா!”

“செபஸ்தியன் போறத்த கண்டியா?”

“இல்லீங்க. நான் வந்தப்ப கிளம்பிட்டாருன்னாங்க அம்மா. அடடா, கார்ட வுட்டுட்டுப் போயிட்டாரே, எப்படிப் போய்ச் சேருவாரோன்னு நெனச்சேன்…”

ஸாலிஹின் கையிலிருந்த பிளேன் டீ பாதி வழியில் நின்றது.

எப்படிப் போய்ச் சேர்ந்தான்…?

* * *

மங்கையர்க்கரசியின் வீட்டு மூலையில் பயணச் சாமான் கிடந்தது. தண்ணீர்க் கான்கள். டின்மீன். பெட்ரோமாக்ஸ். புத்தம்புது மண்வெட்டி.

“மண்வெட்டி என்னத்துக்கு அக்கா?”

“காட்டில கக்கூசுக்கு எங்க போறது? கூடாரத்துக்குப் பின்னால ஆழமாக் குழி வெட்டோணும் எண்டார். அதிலயும் சண்டை.”

“சண்டையா?”

“எங்க தங்கிறது எண்டு. செபஸ்தியன் கற்பிட்டிப் பக்கம் போவம் எண்டான். இவர் கேக்கேல்லை. ஓடை கடல்ல விழுற இடத்தில ஒரு பெரிய பாலை மரம் நிக்குதாம், அதுக்குக் கீழதான் கூடாரம் எண்டார். பாம்பு, யானை, நல்ல தண்ணி இல்லை எண்டு அவன் என்னென்னவோ சொல்லிப் பாத்தவன்.”

“அந்த மரத்தில அப்பிடி என்ன?”

அவள் குரல் இறங்கியது.

“இவற்றை தம்பி தயாளன்… தொண்ணூற்றெட்டில அந்தக் கரையால இந்தியாவுக்கு வள்ளமேறினவன். செபஸ்தியன்தான் காசு வாங்கி அனுப்பினவன். பிறகு ஒரு சேதியும் இல்லை. ‘கடைசியாப் பாலை மரத்தடியில இருந்து சோறு திண்டவன் அண்ணை’ எண்டு செபஸ்தியன்தான் ஒருநாள் வாய்விட்டவன். ஒரு இரவு அதில படுத்தாப் போதும் எண்டு இவர் தவம் கிடந்தவர்.”

ஸாலிஹ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

* * *

பதினொன்றரை.

செபஸ்தியன் நிலையத்துக் கதிரையில் அழுதுகொண்டிருந்தான். நல்ல அழுகை.

“என் உயிர்ச் சிநேகிதன் சேர்! அந்த வோச்சரைச் சும்மா விடாதீங்க!”

“உடமாட்டோம். நேத்து நீங்க எப்புடிக் கொட்டாஞ்சேனைக்குப் போன?”

“பஸ்ஸில சேர்.”

“வழியில செக்பொயின்ட்ல மறிக்கல்லயா?”

“ஒருத்தரும் மறிக்கல்ல சேர்.”

ஸாலிஹ் சிரித்தார்.

“வெள்ளவத்தையில ஏறின தமிழன கொட்டாஞ்சேனை மட்டும் ஒருத்தனும் மறிக்கல்ல! யூனிபோம கழட்டிட்டுப் போனா என்னயே ரெண்டு எடத்தில எறக்கிறானுகள். நேத்து பம்பலப்பிட்டியில பஸ்ஸையெல்லாம் நிப்பாட்டி எறக்கின. சரி, ஐசி கார்ட காட்டுங்க.”

செபஸ்தியனின் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போனது.

பாதியில் நின்றது.

“வீட்ட… மறந்து…”

ஸாலிஹ் அட்டையை மேசையில் வைத்தார்.

“பின்னேரத்தில இருந்து இது இருளப்பன்ட மடியில. இது இல்லாம நம்மட ஊர்ல எவனும் குப்ப கொட்டக்கூட றோட்டுக்கு எறங்க மாட்டான். நீங்க போகல்ல. போக ஏலாது! படியில எறங்கல்ல, ஏறின. அவர் நித்திரையானதும் சட்டிய உள்ளுக்கு வெச்சி ஸிப்ப இழுத்துட்டு, விடியும் வரைக்கும் தண்ணித் தாங்கிக்குப் பின்னால பதுங்கி ஈந்த. சனம் கூடின நேரம் அழுதுகொண்டு வந்த!”

“பொய் சேர்! நான் ஏன் அவரைக் கொல்லணும்?”

ஸாலிஹ் மேசைக்கு அடியில் குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் மண்வெட்டி!

“அது எனக்கும் தெரியா. அதாலதான் நாளக்கி அந்தப் பாலை மரத்தடிக்குப் போறம். பூபாலசிங்கம் ஆசப்பட்ட குழிய நாங்க வெட்டிப் பாப்பம்.”

செபஸ்தியனின் அழுகை சட்டென்று நின்றது.

“வேணாம் சேர்…”

“ஏன்?”

“தோண்டாதீங்க…! வள்ளம் வரவே இல்ல சேர். குடுத்த சல்லியத் திருப்பித் தா என்டு கழுத்தைப் பிடிச்சான். தள்ளினேன்… தயாளன் அந்த மரத்தடியில…”

ஏழு வருடமாகத் தம்பியைத் தேடிய அண்ணன், தம்பி கிடந்த இடத்தையே படுக்கத் தெரிவு செய்திருந்தார். போய்ச் சேரத்தான் விடவில்லை.

வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. வெறுமையாகத் திரும்பிப் போனது.

* * *

பின்னேரம். எதிர்க்கடையில் இருளப்பனுக்கு ஸாலிஹ் டீயும் பணிஸும் வாங்கிக் கொடுத்தார்.

“ஒண்டு மட்டும் வெளங்கல்ல இருளப்பன். போட்டோ கொப்பிக் கடைக்காரன விசாரிச்ச. நேத்து ராவு ஒம்பது வரைக்கும் தொறந்து ஈந்திச்சாம். பூட்டியிருந்த என்டு எனத்துக்குப் பொய் செல்லின?”

இருளப்பன் பணிஸைக் கீழே வைத்தான். தலை கவிழ்ந்தது.

“கடை வரைக்கும் போனேங்க… மடியில அந்தக் கார்டு இருக்கப்ப நடையே வேற மாதிரி இருந்திச்சு. அம்பது வருசத்துல நமக்குன்னு ஒண்ணு கெடைக்கல. அடுத்தவுங்க கார்டுதான்… இருந்தாலும் ஒரே ஒரு ராத்திரி கார்டோட தூங்கிப் பாப்போமேன்னு…”

ஸாலிஹ் பணிஸை எடுத்துத் திரும்ப அவன் கையில் வைத்தார். அந்த ஆசை மட்டும் இல்லாவிட்டால் செபஸ்தியன் அட்டையை வாங்கிக்கொண்டு ராஜாவாட்டம் கொட்டாஞ்சேனை போயிருப்பான். இவன் வாகனம் ஏறியிருப்பான்.

“எப்புடி ஈந்திச்சி தூக்கம்?”

“எங்கங்க தூங்குறது… மூட்டப்பூச்சி புடுங்கி எடுத்திருச்சு. இந்தக் கொழும்புல கார்டு கேக்காம நம்மளக் கடிக்கிறது அது ஒண்ணுதாங்க!”