குளிர்ந்த சூப்பின் அடியில்

"என் நாக்கு செத்துப்போச்சு சார். அது நிஜமான்னு மட்டும் எனக்குத் தெரியணும்," என்றாள் வந்திருந்த சமையல்காரி.

மூடிப்போன சோப்புத் தொழிற்சாலையின் கொதிகலன் கூடத்தில் எட்டே மேஜை போட்டு உணவகம் நடத்துகிறவள். அந்தந்தப் பருவத்தில் என்ன விளைகிறதோ அதுதான் சமையல்; பகல் சாப்பாடு மட்டும். ஒரு மாதமாகத் தினமும் ஏதாவது ஒரு தட்டு, உப்புக் கரிக்கிறதென்று திரும்பி வந்தது. பானையில் அவள் ருசி பார்த்தபோதெல்லாம் சரியாகவே இருந்தது. உதவிக்கிருந்த பெண்ணைச் சந்தேகப்பட்டு, போன வாரம் வேலையை விட்டும் நிறுத்திவிட்டாள்.

"அவ போனப்புறமும் கரிச்சுதா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"கரிச்சுது. பரிமாறுறது எங்க அண்ணன்தான். அவர்தான் முதல்ல இங்க சமைச்சவர். அடுப்படியைத் தன்கிட்ட விட்டுட்டு ஓய்வெடுக்கச் சொல்றார்."

துப்பறிவாளரின் மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தான். அவள் போனதும், "அந்த உதவிக்காரி மசாலாவுல எதையோ கலந்து வச்சிட்டுப் போயிருக்கா அத்தான்," என்றான்.

"அப்படின்னா எல்லாத் தட்டும்ல கரிக்கணும்?"

மறுநாள் இருவரும் அங்கே சாப்பிடப் போனார்கள். வெயில் காலத்துக்கென்று குளிர வைத்த வெள்ளரிக்காய் சூப். மச்சினன் தன்னுடையதை வழித்துக் குடித்துவிட்டான், அப்படியொரு ருசி. துப்பறிவாளர் கரண்டியைத் தொடாமலே முகத்தைச் சுளித்து அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் ஓடி வந்து தணிந்த குரலில், "உப்பு கூடிடுச்சா சார்? மன்னிக்கணும். தங்கச்சிக்கு இப்போ ருசி தெரியறதில்ல," என்றார்.

"நான் இன்னும் வாயிலயே வைக்கலையே."

துப்பறிவாளர் கரண்டியை அடிவரை விட்டு எடுத்தார். பச்சை நிறச் சூப்பில் கரையாத கல்லுப்பு பளபளத்தது.

சாப்பிட வந்தவர்கள் கலைந்ததும், அடுப்படியில் அண்ணன் தங்கை இருவரையும் நிற்க வைத்துத் துப்பறிவாளர் சொன்னார்: "சூப்பைக் காலையிலேயே காய்ச்சி ஆற வச்சிருக்கீங்க. அப்பவே உப்பு போட்டிருந்தா கரைஞ்சிருக்கும். பக்கத்துக் கிண்ணம் நல்லா இருந்தது. அப்போ இது ஆறினப்புறம், இந்த ஒரு கிண்ணத்துல மட்டும் விழுந்த உப்பு. அடுப்படிக்கும் மேஜைக்கும் நடுவுல கிண்ணத்தைத் தொட்டது ஒரே ஆள். உங்க நாக்குக்கு ஒண்ணுமில்லம்மா."

அண்ணன் மறுக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி நிதானமாக மடித்தார். "வர்றவன் போறவனெல்லாம் உன் கைமணத்தைப் பத்தியே பேசினான். நான் தட்டு தூக்கினேன். சரி, போறேன். ஆனா ஒரு மாசமா உன் நாக்கை நீயே நம்பலையே. அதை இவரால திருப்பித் தர முடியுமா, கேட்டுப் பாரு."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் பானையிலிருந்து ஒரு கரண்டி சூப்பை எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். மறுபடி எடுத்துக் குடித்தாள். பிறகு அதே கரண்டியில் கொஞ்சம் எடுத்து மச்சினனிடம் நீட்டினாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"ரொம்பச் சரியா இருக்கும்மா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு துப்பறிவாளரிடம் திரும்பி, "நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார்," என்றாள்.