ஈர மெத்தையும் ஒரு ஜோடி பூட்ஸும்

"எனக்கும் பூட்ஸ் வேணும், முதலாளி."

கேட்கவே கூடாததைக் கேட்டுவிட்டாள்.

வேலையில் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருந்தார். "லீவு கேளு. பூட்ஸ் மட்டும் கேக்காத."

சாக்கடை அடைப்பு எடுக்கும் கம்பெனி. மொத்தமே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். அது முதலாளியின் காலில்.

"டிகிரி முடிச்ச காலுல சேறு படக்கூடாதோ?"

"இது சேறு இல்ல, மலம். கால்ல ஒரு கீறல் இருந்தா போதும், ஆஸ்பத்திரிதான்."

"வாயைக் குறைச்சுக்க டிகிரி. நீ அடைப்பைப் பாரு. நான் படுக்கையறையைப் பாக்குறேன்."

முதலாளி தனியாகப் படுக்கையறைக்குள் போனார்.

அவள் மெயின் ஸ்விட்சை அணைத்தாள். முழங்கால்வரை பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டாள். கையுறை, அவள் சொந்தமாக வாங்கியது.

வீடு முழுக்கக் கணுக்கால் அளவு கழிவுநீர்.

கூடத்தில் நாற்காலிமேல் ஏறி நின்றார் இன்ஸ்பெக்டர். ஷூ புதுசு.

வாசற்படியில் அழுதுகொண்டிருந்தாள் அவளுடைய சித்தி. இந்த வீட்டுச் சமையற்காரி. பீரோவில் இருந்த நகைகளைக் காணோம்.

"இவதான் எடுத்திருப்பா," என்றார் வீட்டுக்காரர். கதவுக் கைப்பிடியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். தெரு அவருக்கு வைத்த பெயர் 'பளிங்கு'.

"தண்ணி வடியட்டும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறம் ஸ்டேஷனுக்குப் போலாம்."

அதாவது... அடைப்பை எடுத்தால் சித்தி உள்ளே!

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கக்கூஸுக்குள் கம்பியை விட்டாள். எதுவோ சிக்கியது. இழுத்தாள்.

சிவப்பு வெல்வெட் பை, காலியாக. பின்னாலேயே இன்னொன்று.

களக்... தண்ணீர் வடியத் தொடங்கியது.

"சார், இதுதானே நகைப் பை?"

பளிங்கு வெளுத்தார்.

"திருடன் பையோட தூக்கிட்டு ஓடுவான். நின்னு நிதானமா கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்துவானா? சித்தி, இந்த வீட்ல யாருக்கு அந்தப் பழக்கம்?"

சித்தி மூக்கை உறிஞ்சினாள். "ஐயாவுக்குத்தான். குப்பைத்தொட்டியைத் தொட மாட்டாரு. எல்லாத்தையும் அதுலதான் போடுவாரு."

"கழுவுங்க! முதல்ல எல்லாத்தையும் கழுவுங்க!" பளிங்கு ஒரு கையில் ப்ளீச்சிங் பவுடரும் மறு கையில் ஆசிட் பாட்டிலுமாக ஓடிவந்தார்.

அவள் பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினாள். "ரெண்டும் சேர்ந்தா விஷப் புகை. இன்ஸ்பெக்டர் சாருக்கு இன்னொரு கேஸ் வேணாம். அப்புறம், படுக்கையறைத் தரையில கிடக்குற மெத்தை வெளிய போகணும். சாக்கடை குடிச்ச பஞ்சைத் துவைக்க முடியாது."

"வேணாம். காய வச்சு அதுலயே படுத்துக்குறேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து இறங்கினார். புது ஷூவோடு.

"கைப்பிடியைத் துடைக்கிற ஆளு... இதுல படுப்பீங்க?"

அவள் நீட்டிய இன்னொரு ஜோடிக் கையுறையை மாட்டிக்கொண்டு, படுக்கையறைக்குப் போய் மெத்தையைக் கிழித்தார்.

பஞ்சு... ஈரப் பஞ்சு... வெறும் பஞ்சு.

"ஐயோ, இங்கதானே வச்சேன்!"

தேள் கொட்டிய திருடன் கத்தக்கூடாது என்பார்கள். பளிங்கு கத்திவிட்டார்.

"நீங்களே ஒளிச்சு வச்சு, பழியை சமையற்கார அம்மா மேல போட்டீங்களா? இன்சூரன்ஸுக்கா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சரி, இப்ப நகை எங்க?"

"நாங்க கிளம்புறோம் சார். வேலை முடிஞ்சது." முதலாளி வாசலுக்கு நடந்தார். தாங்கித் தாங்கி.

"முதலாளி, பூட்ஸைக் கழட்டிக் கழுவிட்டு வாசலைத் தாண்டுங்க. அதோட தெருவுல நடந்தா கிருமி ஊர்வலம் போகும்."

"வீட்ல போய் கழட்டிக்கிறேன்."

"உங்க வீட்ல குழந்தைங்க இருக்கு."

குனிந்து அவர் பூட்ஸைப் பிடித்தாள். ஒரே இழுப்பு.

சலசலவென்று கொட்டின... வளையல், சங்கிலி, ஒட்டியாணம்!

"அறையைப் பாத்த லட்சணம் இதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவிப் போட்டாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். சித்தியின் கையைப் பிடித்தாள்.

"டிகிரி... நாளைக்கே உனக்குப் புது பூட்ஸ் வாங்கித் தரேன். சாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா..."

"பூட்ஸ் கேட்டப்ப வாயைக் குறைச்சுக்கன்னீங்களே, அப்பவே வேலையை விட்டுட்டேன் முதலாளி. வீடு நாறுதேன்னுதான் முடிச்சுக் குடுத்தேன்."

வாசலைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"பூட்ஸை நீங்களே வச்சுக்குங்க. ஜெயில்லயும் கக்கூஸ் அடைச்சுக்குமாம்."