மன்னர் தொட்டால் குணமாகும்

தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

இங்கிலாந்தின் மன்னர் செத்துப்போன பிறகு அது நடக்கக் கூடாத காரியம். பிரான்ஸில் சண்டை போடும் இளவரசர் கடல் தாண்டி வந்து சேரும்வரை சாவு வெளியே தெரியக் கூடாது என்பது பிரபுக்களின் முடிவு. அதனால் எக்காளம் முழங்க உணவு உள்ளே போகும். விஷமில்லை என்று காட்ட, மன்னருக்குப் பரிமாறும் பணியாள் ஆஸ்பர்ன் வழக்கம்போல் ஒரு வாய் ருசி பார்ப்பான், கட்டில் திரைக்கு முன்னால் வைப்பான், ஆறியதும் எடுத்துவருவான். இன்று விலாங்குமீனின் முள் மட்டும் மிஞ்சியிருந்தது, நக்கியதுபோல் பளபளவென்று.

"யாருடா தின்னது?" என்றார் அரண்மனைப் பொறுப்பாளர் ஃபுல்க் பிரபு.

"நான் இல்லீங்க எசமான்."

"உசுரோட இருந்தப்போ மிச்சம் வைக்காத மனுஷன். செத்தும் திருந்தலை போல." சிரித்தார். அந்தச் சிரிப்பு தனக்கே பிடிக்காததுபோல் வாயைத் துடைத்துக்கொண்டார். "பூனையா இருக்கும். போ, மன்னருக்குப் பசி வந்திருச்சுன்னு வெளியே சொல்லு."

பயப்பட ஆஸ்பர்னுக்கு நேரமில்லை. அவனுடைய சின்ன மகள் ஹாவிஸின் கழுத்தில் கண்டமாலைக் கட்டிகள் திரண்டு மூச்சை நெரித்துக்கொண்டிருந்தன. அதற்கு மருந்து ஒன்றே: முடிசூட்டின்போது புனித எண்ணெய் பூசிய மன்னரின் கை. நோயாளிகளை மன்னர் தொடும் திருநாளுக்காகக் காத்திருந்தான், மன்னர் முந்திக்கொண்டார். அடுத்த மன்னருக்கு எண்ணெய் பூசும்வரை குழந்தை தாங்காது. ஆனால், செத்தவர் கையிலிருந்து எண்ணெயை யாரும் துடைத்து எடுத்துவிடவில்லையே?

மாலை மங்கும் வேளையில், யாருக்கு எந்தக் கோட்டை என்று பிரபுக்கள் அடுத்த அறையில் அடித்துக்கொண்டிருந்தபோது, மகளைத் தூக்கிக்கொண்டு மன்னரின் அறைக்குள் போனான். தேன்மெழுகின் வாசனையும், ரோஜா நீரின் வாசனையும், இரண்டையும் மீறி அடியில் இனிப்பாக அழுகும் வேறொன்றும் நாசியில் ஏற, திரைக்குள் கைவிட்டுத் துழாவி, மோதிரங்கள் புதைய வீங்கிய அந்த வலது கையை இழுத்து மகளின் கழுத்தில் வைத்து அழுத்தினான்.

"அப்பா, சூடா இருக்கு."

"பேசாதேம்மா."

கண்ணெதிரே கட்டிகள் வற்றின. ஒன்று. இன்னொன்று. மூச்சு சீராக வந்தது. ஆஸ்பர்ன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"போதும்பா. நல்லாயிருச்சு. கையை எடுத்துருப்பா."

அவன் கைகள் இரண்டும் அவன் முகத்தில்தான் இருந்தன.

மகளைப் பிடித்து இழுத்தான். அந்தக் கை விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். திரை விலகியது. அவளோடு சேர்ந்து மன்னரும் எழுந்து வந்தார். நின்றார்.

அலறல் கேட்டுப் பிரபுக்கள் ஓடிவந்தார்கள். பார்த்தார்கள். மன்னர் நின்றால் மண்டியிட வேண்டும். அவர் சொல்லும்வரை தலை நிமிரக் கூடாது. தடதடவென்று முழங்கால்கள் தரையில் விழுந்தன. ஃபுல்க் பிரபுவுடையது முதலில்.

"எசமான், புள்ளையக் காப்பாத்துங்க!"

"குனிடா!" தரையைப் பார்த்தபடி ஃபுல்க் பிரபு விசும்பினார். "எந்திரிக்கச் சொல்லி அவர் சொல்லட்டும்."

ஆயுள் முழுக்கப் பழகிய உடம்பு. ஆஸ்பர்னின் முழங்காலும் மடிந்தது. மடியாதே என்றான் அதனிடம். மடிந்தது. தலையும் குனிந்தது.

தரை மட்டும் தெரிந்தது. பரப்பிய கோரைப்புல். அதில் கோடிழுத்தபடி கட்டிலை நோக்கிப் போகும் இரண்டு சின்னச் செருப்புகள்.

பிறகு அவை தரையைவிட்டு எழும்பின. உதைத்தன.

ஒருவரும் நிமிரவில்லை.