அம்மாவுக்கு முன் பிறந்த பிள்ளை

முதலாளியின் மேஜையில் போன் அலறியது.

குடைக் கம்பெனி முதலாளி அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எடுத்தார். மறுமுனையில் அவருடைய டிசைனர், கடைவீதியில் நின்றபடி மூச்சு வாங்கினான்.

"சார்... நம்ம புதுக் குடை, எதிர்க் கம்பெனி ஷோரூம்ல தொங்குது."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

பின்னே? சட்டைப் பையில் அடங்கும் குடை அது. இன்னும் தயாரிப்பே தொடங்கவில்லை! படம் மட்டும் மெயிலில் தொழிற்சாலைக்குப் போயிருந்தது. இப்படிக் களவு போவது இது மூன்றாவது டிசைன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குற்றவாளியும் தயாராக இருந்தாள்... முதலாளியின் மனதில்.

"எல்லா மெயிலும் இவ கை வழியாத்தான் போகுது சார். வேற யாரு?"

'இவ' என்றது மெயில் சர்வரைக் கவனிக்கும் பெண்ணை. ஆபீஸில் அவளுக்கு சர்வர் அக்கா என்று பெயர். திருடி என்ற பட்டத்தோடு வெளியே போனால் வேறெந்தக் கம்பெனியும் அவளை வாசற்படி ஏற விடாது.  ஆனாலும் அவள் குரலைக் கலங்கவிடவில்லை.

"ஸ்டேஷனுக்கு வர்றேன் சார். அதுக்கு முன்னாடி மெஷினுக்குள்ள என்னென்ன ஓடிட்டிருக்குன்னு ஒரு தடவ பாத்துடறேன்."

வேடிக்கை பார்க்க இன்ஸ்பெக்டருக்கும் ஆசைதான். மூவரும் சர்வர் அறைக்குள் நுழைந்தார்கள். ஏ.சி. குளிரில் முதலாளியின் பற்கள் தந்தியடித்தன.

திரையில் வரிசையாகப் பெயர்கள். எல்லாம் ஒரே பெயர். யூனிஃபார்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருக்கே, இதில் திருடனை எப்படிப் பிடிப்பது என்று இன்ஸ்பெக்டர் கண்ணைக் கசக்கினார்.

அவள் விளக்கினாள். மெயில் சர்வரில் தாய் ப்ராசஸ் ஒன்று, அதாவது ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு புரோகிராம், இருக்கும். மெயில் வந்தால் அது ஒரு பிள்ளையைப் பெறும். பிள்ளை மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வேலை முடிந்ததும் செத்துப்போகும்.

"பாவம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் பிறந்த நேரங்களை வரவழைத்தாள். நேற்றுக் காலையில்தான் மெயில் சேவையை நிறுத்தி, மறுபடி கிளப்பியிருந்தாள். ஆகவே தாய் பிறந்தது நேற்று. பிள்ளைகள் எல்லாம் இன்று. ஆனால்...

ஒன்று மட்டும் போன மாதமே பிறந்திருந்தது!

"பாருங்க சார். அம்மாவுக்கு முன்னாடியே பொறந்த புள்ள. இது இந்தக் குடும்பமே இல்ல. பேரை மாத்திட்டு உள்ள வந்து உக்காந்திருக்கு."

யார் பெயரில் ஓடுகிறது? ஒரு தட்டு தட்டினாள். விடை வந்தது.

முதலாளியின் பெயரில்!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். முதலாளிக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது. முதலாளி என்றால் எல்லாச் சாவியும் தன் கையில் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து சர்வரின் முழு அதிகாரத்தையும் வாங்கிக்கொண்டவர் அவர்தான். ஆனால் தனக்கு மெயிலில் படம் இணைக்கவே தெரியாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதை சர்வர் அக்காவும் ஒப்புக்கொண்டாள். வாரம் தவறாமல் இணைத்துக் கொடுப்பவள் அவள்தானே.

அந்தக் கள்ளப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க, அவள் கண்ணி வைத்தாள். ஒரு குடைப் படத்தை எடுத்து, நடுவில் பெரிய ஓட்டை போட்டு, தொழிற்சாலைக்கு அனுப்பினாள்.

கள்ளப் பிள்ளை துள்ளி எழுந்தது! படத்தைத் திறந்தது. நகலெடுத்தது. வெளியே ஏதோ ஒரு முகவரிக்குத் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் மறுபடி உட்கார்ந்துகொண்டது.

அந்த முகவரி யாருடையது? மூவரும் விழித்தார்கள்.

முதலாளியின் செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி. ஸ்பீக்கரில் போடும்படி இன்ஸ்பெக்டர் சைகை காட்டினார்.

"ஏங்க... நடுவுல ஓட்டை வச்சு ஒரு குடையா? நல்லாத்தானே இருந்தீங்க?"

முதலாளி போனை வாயருகே இழுத்தார்.

"உனக்கு... எப்படிம்மா தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் என்ன வேலை பாத்தேன்?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ..."

"அந்த ஏதோதான். உங்க பாஸ்வேர்டும் என் பேருதானே?"

எதிர்க் கம்பெனியைத் தன் தம்பி பெயரில் நடத்துவதே தான்தான் என்பதை மனைவி சாவகாசமாகச் சொன்னாள். முதலாளி பாய்ந்தார்.

"அப்போ என் டிசைனைத் திருடினது நீயா?"

"உங்க டிசைனா? பாக்கெட்ல அடங்குற குடையைச் சொன்னது யாரு? உனக்கென்ன தெரியும்னு என் வாயை அடைச்சிட்டு, மறுநாளே டிசைனரைக் கூப்பிட்டு வரையச் சொன்னீங்கல்ல? மூணுமே என் ஐடியா. திருப்பி எடுத்துக்கிட்டேன்."

திருடனைப் பிடிக்க வந்த இன்ஸ்பெக்டர் இப்போது முதலாளியையே முறைத்தார். முதலாளி புகாரைக் கிழித்துப் போட்டுவிடலாமே என்று முனகினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

மறுமுனையில் குரல் இனித்தது. இதைக் கண்டுபிடித்தது யார் என்று விசாரித்து, போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னது. சர்வர் அக்கா வாங்கினாள்.

"பிரமாதம்மா. நாளைக்கே என் கம்பெனிக்கு வந்துடுங்க. ரெண்டு மடங்கு சம்பளம். ஆனா நீங்க வந்து சேர்ற வரைக்கும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

சர்வர் அக்கா முதலாளியைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"வர்றேன் மேடம். ஆனா ஸ்பீக்கர் ஆன்ல இருக்கு... இந்த லீக்குக்கு நான் பொறுப்பில்ல!"